ஊதா மூடி போட்ட குழாய்

ஆதிரை என் துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். கீழ் ஈறில் நொய்யரிசி அளவுக்கு ஒரு பல் எட்டிப் பார்த்திருந்த நாட்கள் அவை. கையில் எது அகப்பட்டாலும் கடித்துப் பார்ப்பாள். என் கையில் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தது. அந்தத் தாளில் இருந்ததை நம்பினால், என் மகள் அந்த நேரத்தில் உயிரோடு இருந்திருக்கவே முடியாது.

மன்னார்குடிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குழந்தைகள் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அறுவடைக் காலம் என்பதால் வாசலில் நின்ற பைக்குகளில்கூட வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே மருந்து நெடியும், யாரோ பாலில் ஊறவைத்த ரொட்டியின் வாசனையும்.

"கால்சியம் ரொம்ப ரொம்பக் கம்மியா இருக்கு மேடம்," என்றார் சின்ன டாக்டர்.

அங்கே இரண்டு டாக்டர்கள். காலையில் குழந்தையைப் பார்த்தவர் பெரிய டாக்டர். அவர் ஏதோ கூட்டத்துக்காகத் தஞ்சாவூர் கிளம்பிப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. சின்ன டாக்டர் படிப்பை முடித்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது. நெற்றி வியர்த்திருந்தது.

"உடனே நரம்பு வழியா கால்சியம் ஏத்தணும். ஏத்திக்கிட்டே தஞ்சாவூருக்கு அனுப்பிடறேன். வண்டிக்குச் சொல்லியாச்சு."

என் பக்கத்தில் இருந்த செல்வி அண்ணி, "அய்யோ என் கண்ணு!" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி என் கணவரின் அக்கா. மன்னார்குடியில்தான் வீடு.

நானும் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். குழந்தை தும்மினாலே நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவள், கை வைத்தது சரியா என்று தெர்மாமீட்டரும் வைத்துப் பார்க்கிறவள், தெர்மாமீட்டர் சரியா என்று என் அக்குளிலும் வைத்துப் பார்க்கிறவள். அன்று அந்தப் பயம் வரவில்லை. வராதது ஏன் என்றுதான் குழம்பினேன்.

மதகு

நான் தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். என் பாடம் கால்சியம். இதைச் சொன்னதும் யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்று கேட்பார்கள். மூட்டுவலிக்கு என்ன சாப்பிடலாம்? குழந்தைக்குக் கேழ்வரகு கொடுக்கலாமா? போன வாரம் ஒரு வாசகிகூட இரண்டாவதைக் கேட்டு எழுதியிருந்தார். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எனக்கும் கேழ்வரகுக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

எலும்பில் இருக்கும் கால்சியம் சேமிப்பு. நான் பார்ப்பது உயிரணுவுக்குள் போய் வரும் கால்சியம். அது ஒரு சேதி. இதயம் சுருங்க வேண்டும், விரல் மடங்க வேண்டும், வாயில் எச்சில் ஊற வேண்டும் என்றால், அந்தந்த உயிரணுவுக்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கால்சியம் பாய்ந்து, வேலை முடிந்ததும் வெளியேற்றப்பட வேண்டும்.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். அவர் பட்டம் வாங்கிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். "வெளிய ஆறு நிறைய தண்ணி நிக்குது. உள்ள வயல் காஞ்சு கிடக்கு. நடுவுல மதகு. சொல்லும்போது மதகு தெறக்கும், தண்ணி பாயும். பாய்ஞ்சதும் அடைச்சுட்டு, நின்ன தண்ணிய எறைச்சு வெளிய ஊத்திடணும். ஊத்தலைன்னா பயிர் அழுகிடும்," என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "கடைமடைக்குப் போய்ச் சேருதா?"

ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள் வேறு என்ன கேட்பார்? ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆராய்ச்சியே அதுதான். நல்ல இதயத்தின் உயிரணுவில் அந்தப் பாய்ச்சல் ஓரம், நடு எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் போகிறது. நோய்ப்பட்ட இதயத்தில் உள்பக்கத்துக்குப் போவதற்குள் தளர்ந்துவிடுகிறது. ஏன் என்று தெரிந்தால் மருந்துக்கு வழி பிறக்கலாம்.

இதையெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயம் உண்டு. எலி இதயத்திலிருந்து எடுத்த, துடிக்கும் உயிரணுவில் அந்தப் பச்சை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுவதைப் பார்ப்பதற்கு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அந்தப் பச்சை கால்சியத்தால்தான் வருகிறது என்று நிரூபிக்க வேண்டுமே. அதற்கு ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றுவோம். கால்சியத்தைக் கண்ட இடத்தில் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பொடி. ஊற்றியதும் வெளிச்சம் அணைந்துவிடும். அந்தப் பொடியை நான் வாரத்தில் பாதி நாளாவது கரைக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிக்குத் திரும்பப் போகிறோம்.

கேட்டு வாங்கிய பரிசோதனை

ஆதிரைக்குத் தூக்கத்தில் கை துள்ளும். பகலில் தூளியில் போட்டால், கண் செருகியதும் ஒரு கை வெடுக்கென்று இழுக்கும்; பிறகு கால்; பிறகு இரண்டு கையும். எழுப்பினால் நின்றுவிடும். சிரிப்பாள்.

பக்கத்து வீட்டில், "சாமி காட்டுது, பூ காட்டுது" என்றார்கள். என் தலையில் அதெல்லாம் ஏறவில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் குழந்தைக்குக் கை கால் இழுத்து வலிப்பு வரும் என்று நான் மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். பால் கொடுக்கும் நான் பகல் முழுவதும் இருட்டறையில் இருக்கிறவள். வெயில் படாத உடம்பு. எனக்குக் குறைந்தால் அவளுக்கும் குறையும். கணக்கு எனக்குச் சரியாக வந்தது. வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அறுவடைக்காக ஊருக்குப் போயிருந்தபோது அண்ணி சொல்லித்தான் அந்த மருத்துவமனைக்குப் போனோம். பெரிய டாக்டர் நான் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தார். குழந்தையின் முட்டியைத் தட்டினார். கன்னத்தில் விரலால் சுண்டினார். ஆதிரை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"ஒண்ணுமில்லம்மா. தூக்கத்துல துள்ளறது. நெறைய புள்ளைங்களுக்கு உண்டு. தானா போயிடும்."

"ஒரு கால்சியம் மட்டும் பாத்துடலாமா டாக்டர்?"

"எதுக்கு?"

"எனக்காக."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார். எழுதும்போது, கூடவே ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் உப்புகளும் பார்த்துவிடட்டும் என்று சேர்த்துக்கொண்டார். எப்படியும் குத்தத்தானே போகிறோம் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி ஆரம்பித்தார். "டாக்டரே ஒண்ணுமில்லங்கிறாரு. நீ விடமாட்டேங்கிற. படிச்சவளுக்குப் புள்ளை பொறந்தா புள்ளைக்குத்தான் கஷ்டம்."

காலையில் நடந்தது

ரத்தம் எடுத்தவர் ரஹ்மத். கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். பூப்போட்ட முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆதிரையின் முழங்கை மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னக்கா குடுக்கறீங்க இவளுக்கு? இப்படிக் கொழுக்கட்டை மாதிரி இருந்தா நரம்பு எங்கன்னு நான் தேடறது?"

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஊசியை மட்டும் நரம்பில் குத்தி, சொட்டுச் சொட்டாக வடிய விட்டுக் குழாயில் பிடிப்பார்கள். முதலில் ஊதா மூடிக் குழாய். அது அணுக்களை எண்ண. ரத்தம் அதில் ஒழுங்காக இறங்கியது. அடுத்தது சிவப்பு மூடிக் குழாய். கால்சியம், உப்பு எல்லாம் இதில்தான். இதில் சில சொட்டு விழுந்ததும் நின்றுவிட்டது. ஆதிரை அழுது அழுது முகம் நீலம் பாரித்து, ஒரு கட்டத்தில் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தபடி இருந்தாள்.

"கொஞ்சம் பத்தாதுக்கா. இந்தக் கையில ஒரு தடவை..."

"வேணாம்மா. போதும். இருக்கறத வச்சுப் பாத்துக்குங்க. இன்னொரு தடவை குத்த வேணாம். ப்ளீஸ்."

நான் அழுதுகொண்டே சொன்னேன் என்று அண்ணி பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. ரஹ்மத் என்னைப் பார்த்ததும், குழந்தையைப் பார்த்ததும், "சரிக்கா, போங்க, நான் பாத்துக்கறேன்" என்று பஞ்சை அழுத்திக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

இரண்டு வரி கீழே

இப்போது அந்தப் பெஞ்சுக்கு வந்துவிட்டோம். கையில் தாள்.

சின்ன டாக்டர் கால்சியம் என்ற வரியைத்தான் எனக்குக் காட்டினார். எனக்குத் தாள் முழுவதையும் பார்க்கும் பழக்கம். அதற்கு இரண்டு வரி கீழே பொட்டாசியம் இருந்தது. கால்சியம் பாதாளத்தில். பொட்டாசியம் வானத்தில். அவ்வளவு பொட்டாசியத்தில் எந்த இதயமும் துடிக்காது. இது நான் புத்தகத்தில் படித்தது மட்டுமல்ல, துடிப்பு நிற்பதை என் கண்ணால் கண்ணாடித் தட்டில் பார்த்தது. ஆனால் என் மடியில் இருந்தவள் துப்பட்டாவைத் துப்பிவிட்டு டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்புக்குக் கை நீட்டினாள்.

ஊதா மூடிக் குழாயின் அடியில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவி வைத்திருப்பார்கள். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அதைக் கவ்விக்கொண்டால் உறையாது. நான் வாரம்தோறும் கரைக்கிற பொடிக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. அதுவும் பொட்டாசியம் சேர்ந்த உப்பு. அந்த ரத்தத்தில் கொஞ்சத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றினால் என்ன ஆகும்? கால்சியம் மறையும். பொட்டாசியம் ஏறும். என் கையிலிருந்த தாள்தான் ஆகும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கதை உண்டு. ஒரு வருடம் சரஸ்வதி பூஜை முடிந்து கதவைத் திறந்தோம். அதன் பிறகு எங்கள் கால்சியம் இல்லாத கரைசலில் எல்லாம் கால்சியம். நுண்ணோக்கியில் அணைய வேண்டிய பச்சை அணையவில்லை. தண்ணீரை மாற்றினோம், பொடியை மாற்றினோம், ஒருவருக்கொருவர் பேசாமல் இருந்தோம். கடைசியில் பார்த்தால் தராசு, குடுவை மூடி, கரண்டிப்பிடி எல்லாவற்றிலும் மூன்று விரல் பட்டை. கடையில் வாங்கிய விபூதி. அதில் பாதி சுண்ணாம்புச் சத்துதான். தொட்ட கையோடு கரைசலுக்குள் போயிருக்கிறது. இப்போதும் பூஜை போடுகிறோம். பட்டை வாசல் கதவுக்கு மட்டும்.

அதிலிருந்து மாணவர்களுக்குச் சொல்வேன்: விசித்திரமான முடிவு வந்தால் உயிரணுவைச் சந்தேகப்படாதே, முதலில் பாத்திரத்தைச் சந்தேகப்படு.

சொல்வது எளிது. மடியில் இருந்தது உயிரணு இல்லை.

"டாக்டர், இது சாம்பிள்ல ஏதோ தப்பு மாதிரி தெரியுது. ஒரு தடவை மறுபடி எடுத்துப் பாத்துடலாமா?" என்றேன்.

"மேடம், நீங்கதான் கை கால் இழுக்குதுன்னு வீடியோவோட வந்தீங்க. கால்சியம் பாருங்கன்னு நீங்கதான் கேட்டீங்க. பாத்தாச்சு, கம்மியா இருக்கு. இப்ப தப்புங்கறீங்க."

அவர் சொன்னதில் பிழை இல்லை.

"இது நிஜமா இருந்து நான் காத்துக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்," என்றார். தெரியும். இது நிஜமாக இல்லாமல், ஏற்கெனவே போதுமான கால்சியம் இருக்கும் ரத்தத்தில் இன்னும் ஏற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதும் தெரியும். அந்த மெல்லிய நரம்பிலிருந்து மருந்து கசிந்தால் தோல் வெந்து போகும் என்பதும் தெரியும். இந்தப் பக்கமும் குழந்தை, அந்தப் பக்கமும் குழந்தை.

அவர் செவிலியரிடம் மருந்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"டாக்டர் சொன்னா கேளேன்டி," என்று அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "நீ எலி இதயம் பாக்கறவ. அவரு புள்ளைங்களப் பாக்கறவரு."

அதுவும் சரிதான். தாய்க்கு, தன் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று நம்பத்தானே ஆசை இருக்கும்? இது எனக்குத் தெரிந்த விஷயமா, என் ஆசையா?

வேற பக்கத்துல அள்ளு

கணவருக்குப் போன் போட்டேன். அவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தார்ப்பாய் காற்றில் அடிக்கும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். ஊதாக் குழாய், சிவப்புக் குழாய் எல்லாவற்றையும் சொன்னேன்.

சத்தம் கேட்காத பக்கமாக ஒதுங்கி வந்தார்.

"இங்க ஈரப்பதம் பாக்கற மிஷின் இருக்குல்ல," என்றார். "குவியல்ல ஓரத்துல அள்ளிப் போட்டுட்டு, ஈரம் அதிகம்ங்கிறான். யாராவது ஒத்துக்குவோமா? நடுவுல கையவிட்டு அள்ளு, திருப்பிப் போடுன்னுதான் நிப்போம். ஒரு தடவை காட்டுனா அது மிஷின் சொன்னது. ரெண்டு தடவை காட்டுனாத்தான் நெல்லு சொன்னது."

"இது நெல்லு இல்லங்க. நம்ம ஆதிரை."

"தெரியும்மா." குரல் தணிந்தது. "நான் ஒண்ணு சொல்லட்டா? நமக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஏதோ இருக்குன்னுதான் நீ எனக்குப் போன் பண்ணிருக்க. ஏதோ இருக்குன்னு எல்லாரும் சொல்றப்ப ஒண்ணுமில்லன்னு நீ சொல்றது இதான் முதல் தடவை. நீ ஆசைப்பட்டுச் சொல்ற ஆள் இல்ல. எனக்குத் தெரியாதா? நான் கிளம்பி வர்றேன். அதுக்குள்ள நீ நில்லு."

"நீங்கதானேக்கா சொன்னீங்க"

ஆதிரையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு லேப் இருக்கும் பக்கம் போனேன். ரஹ்மத் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓரத்தில் சுழற்றும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எதிரில் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"ரஹ்மத், காலையில சிவப்புக் குழாய்ல ரத்தம் பத்தலைல்ல. ஊதாவுல இருந்து கொஞ்சம் இதுல ஊத்துனீங்களா?"

கையுறையை மடித்தார், பிரித்தார்.

"உங்கமேல கோவமே இல்ல. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"நீங்கதானேக்கா சொன்னீங்க," என்றார். "குத்த வேணாம் குத்த வேணாம்னு நீங்க அழுதீங்க. அதுவும் மூச்சு விடாம அழுவுது. என் மவ ஞாபகம் வந்துடுச்சு. ஒரு ரெண்டு சொட்டுதானேன்னு... கூடாதுன்னு தெரியும்க்கா. படிச்சப்ப சொல்லிக் குடுத்தாங்க. இது கால்சியம் பாக்கறதுக்குன்னு எனக்கு அப்ப தோணலக்கா."

என்னால் கோபப்பட முடியவில்லை. ஊற்றிய கை அவருடையது. ஊற்றவைத்த வாய் என்னுடையது.

"அங்க டாக்டர் ஊசி போடப் போறாரு," என்றேன்.

ரஹ்மத் கையுறையைக் கீழே போட்டார். "சார்ட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொன்னா என்னய நிப்பாட்டிருவாங்கக்கா. எங்க வீட்டுக்காரரும் சவூதில இருந்து வந்து வேலையில்லாம வீட்டுலதான் இருக்காரு."

"நான் சொல்லல. சாம்பிள் சரியில்லன்னு மட்டும் சொல்றேன். நீங்க மறுபடி எடுங்க."

அப்படி வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். சின்ன டாக்டர் அறையில் தட்டில் மருந்து ஏற்றிய சிரிஞ்ச் தயாராக இருந்தது. அண்ணியின் மடியில் ஆதிரை. செவிலியர் அவள் புறங்கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், மறுபடி ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க. பொட்டாசியத்தப் பாருங்க. ரெண்டும் சேந்து இப்படி வரணும்னா சாம்பிள்தான் கெட்டிருக்கணும்."

"கெட்டுப் போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? பாத்தீங்களா?"

ரஹ்மத்துக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அந்தத் தட்டு ஒரு பக்கம். சொல்லிவிடுவது என்றுதான் முடிவெடுத்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு மூச்சுக்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சார் ஊத்துனேன்."

ரஹ்மத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ரத்தம் பத்தல. ஊதாவுல இருந்து எடுத்து ஊத்திட்டேன். அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க சார்."

செவிலியர் ஆதிரையின் கையை விட்டார்.

சின்ன டாக்டர் தாளை எடுத்தார். இந்த முறை முழுதாகப் படித்தார். இரண்டு வரி கீழே வந்ததும் கண் அங்கேயே நின்றது. முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"பொட்டாசியத்த நான் பாக்கவே இல்ல," என்றார் மெதுவாக. பிறகு செவிலியரிடம், "அதை ஓரமா வைங்க. எடுத்துட்டுப் போவ வேணாம், இங்கயே இருக்கட்டும். இதயத் துடிப்பு பாக்கற மிஷின மாட்டுங்க. ரஹ்மத், நீ போய்க் குழாய் எடுத்துட்டு வா. சிவப்பு மட்டும்."

ஆதிரையின் இடது கையில் ரஹ்மத்துக்கு நரம்பு கிடைக்கவில்லை. வெளியே எடுத்து வலது கையில் குத்தினார். ஆதிரை காலையில் அழுததைவிட அதிகமாக அழுதாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள், நான்தான் பிடித்திருந்தேன். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. நின்று, திரும்ப வந்தது. ரஹ்மத் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இவ்வளவு போதுமா என்று கேட்கும் பார்வை.

"நிரம்பட்டும்," என்றேன்.

நிரம்பியது.

பிறகு காத்திருந்தோம். சிரிஞ்ச் தட்டிலேயே இருந்தது. இதயத் துடிப்பு திரையில் பச்சைக் கோடாக ஓடியது. எனக்கு எத்தனையோ கோடுகளைப் படிக்கத் தெரியும். அதை மட்டும் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி எனக்குத் தெரியக் கூடாதென்று திரும்பிக்கொண்டு, முந்தானையில் வேண்டுதல் காசு ஒன்றை முடிந்துகொண்டிருந்தார்.

ரஹ்மத் நடந்து வரவில்லை. ஓடி வந்தார். தாள்கூட எடுத்து வரவில்லை.

"சரியா இருக்கு சார். கால்சியம் சரியா இருக்கு. பொட்டாசியமும் சரியா இருக்கு. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பயம் வந்தது. அண்ணி என்னை உட்காரவைத்து, குழந்தையை மடியில் போட்டுவிட்டு, "இனிமே எதையாவது பாருங்கன்னு டாக்டர்ட்ட கேட்ட, உன்னயத்தான் குத்தச் சொல்லுவேன்," என்றார். சொல்லிவிட்டு அவரே தேம்பித் தேம்பி அழுதார்.

சின்ன டாக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் போனில் வந்தார். பேச்சு எங்களுக்குப் பாதிதான் கேட்டது.

"ஆமா சார், கூப்பிட்டேன். அந்தத் துள்ளற பாப்பாதான்... இல்ல சார், நல்லாருக்கா. கால்சியம் நார்மல்... முதல் சாம்பிள் சரியா வரல, மறுபடி எடுத்தோம். பத்தாம ஊத்தியிருக்காங்க. ரிப்போர்ட்ட நானும் முழுசாப் பாக்கல... ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு சார். வந்ததும் சொல்றேன்."

போனை வைத்தார். ரஹ்மத் முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னயும் சேத்துச் சொல்லியாச்சு. அப்புறம் என்ன அழுவ? போய் வேலையப் பாரு," என்றார் டாக்டர். பிறகு, "அடுத்த தடவை பத்தலைன்னா, அம்மா அழுதாலும் குத்தணும். தெரியுதா?"

ரஹ்மத் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த அக்கா இனிமே அழ மாட்டாங்க சார்."

"அழுவேன்," என்றேன். "நீங்க குத்துங்க."